வெளிவரிசைக்கு ஆள் தேவை

பூங்கோதையின் கழுத்தில் தாலி ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தபோது சூரியனின் ஒரு மூலை வெடித்தது.

நிலவின் தென்முனையில், பனிக்கட்டி வெட்டியெடுக்கும் குளிர்குழி என்ற குடியிருப்பில், நாற்பத்தொரு பேரும் அப்போது கல்யாணக் களையோடு திரிந்துகொண்டிருந்தார்கள். பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே ஈர்ப்பு. பட்டுப்புடவைக் கொசுவம் கீழே நிற்காமல் மிதந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் ஊக்கு குத்தியிருந்தார்கள். அப்படியும் பெண்கள் வேகமாக நடந்தால் குடை விரிந்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து ஒருவரையொருவர் கேலி செய்து சிரிப்பதிலேயே காலை ஓடிக்கொண்டிருந்தது.

பிலோமினா மட்டும் கையில் ஜிகர்தண்டா டம்ளரோடு மணிக்கட்டில் இருந்த மீட்டரைப் பார்த்தபடி நின்றாள். குளிர்குழியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அவள். தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்து நான்கு. வெளியே மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கதிர் அளக்கும் பேட்ஜைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டாம், படுக்கையை ஜன்னல் பக்கம் போட வேண்டாம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே 'வேண்டாம் மேடம்' என்று பெயர் வாங்கியிருந்தாள். இன்று ஒரு நாளாவது யாரையும் எதுவும் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதென்று முடிவு செய்திருந்தாள்.

மீட்டர் மூன்று முறை அதிர்ந்தது. டம்ளரை வைத்துவிட்டு மேடைக்கு ஓடினாள். நிலவில் ஓடுவது என்றால் தாவுவதுதான். மூன்றே தாவலில் மணமேடையில், மாப்பிள்ளை இசக்கிராஜின் மடிக்குப் பக்கத்தில் போய் இறங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க! சூரியப் புயல். அம்பது நிமிஷத்துல புரோட்டான் வந்து கொட்டப்போவுது. எல்லாரும் புயல் அறைக்குப் போகணும். இப்பவே."

பெண்ணின் அப்பா குழந்தைசாமி தலைப்பாகையைச் சரிசெய்தபடி எழுந்தார். கோபிப் பக்கத்து மனிதர். "ஏனுங்க மேடம், முகூர்த்தம் முடிஞ்சதும் போனா ஆகாதுங்களா? பத்தேகாலுக்குத்தானுங்க."

"ஆகாதுண்ணே. முகூர்த்தத்த உள்ள வச்சிக்கிடலாம்."

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

"பதினாலு மணி நேரம்."

சாப்பாடு என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் பிலோமினாவுக்கு மூன்றாம் தொட்டி நினைவு வந்தது.

குளிர்குழியின் நடுவில் இருந்த வட்ட அறைதான் புயல் அறை. கூரைமேல் ஆள் உயரத்துக்கு நிலவு மண். சுற்றுச்சுவர் முழுக்கத் தண்ணீர். ஒரு மீட்டர் தடிமனுள்ள நான்கு தொட்டிகள். அதில் மூன்றாவது தொட்டி கசிந்தது என்று போன வாரம்தான் காலி செய்து, குழாயைக் கழற்றி, பற்றவைப்பு வேலைக்குப் போட்டிருந்தார்கள். அனுமதிக் கடிதத்தில் 'இந்த மாதம் சூரியன் அமைதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பிலோமினாவேதான். வட்டச் சுவரில் கால்வாசி இப்போது வெறும் தகரம்.

அவள் நேரே சமையற்கூடத்துக்குப் போனாள். திண்டுக்கல் மதார் பாய் மூடி போட்ட பெரிய அண்டாவில் சாம்பாருக்குக் கடைசித் தாளிப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், சாம்பார் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு வேளைக்கும் சேத்து எம்பது லிட்டர். ஏம்மா, பசிக்குதா?"

"ரசம்?"

"அறுபது. பாயாசம் அம்பது. மோரு நூறு. என்னம்மா இது, விசாரணை மாதிரி கேக்குற?"

"எல்லாத்தையும் தூக்குங்க. சுவர் கட்டணும்."

மதார் பாய் கரண்டியோடு அப்படியே நின்றார். இருபது பேர் அண்டாக்களைத் தூக்கினார்கள். பூமியில் நாலு ஆள் தூக்கும் அண்டாவை அங்கே ஒரே ஆள் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் வளைவில் திரும்பும்போது அண்டா திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். குழந்தைசாமி ரச அண்டாவோடு சேர்ந்து ஒரு சுவரில் போய் முட்டினார். தக்காளித் தோட்டத்திலிருந்து கூடைகள் வந்தன. எண்ணெய் டின், அரிசி மூட்டை, குடிதண்ணீர்ப் பைகள், தாம்பாளத் தேங்காய்கள் என்று கிடைத்ததெல்லாம் காலித் தொட்டிக்கு முன்னால் அடுக்கப்பட்டன.

"மேடம், எனக்கொண்ணு புரியலீங்க," என்றார் குழந்தைசாமி, நெற்றியைத் தடவிக்கொண்டு. "இரும்புக் கதவு இத்தன கெடக்குது. அதைச் சாத்தி வெக்காம, சாம்பார வெச்சுச் செவுரு கட்டறீங்களே?"

"புரோட்டான கோலிக்குண்டுன்னு வச்சுக்கோங்கண்ணே. கோலிய இரும்புக் குண்டு மேல எறிஞ்சா என்னாவும்? தெறிக்கும். இதுல இரும்பு ஒடஞ்சி தூள் வேற பறக்கும். அதே கோலி இன்னொரு கோலியில மோதிச்சின்னா தன் வேகத்த அதுக்குக் கொடுத்துட்டு அடங்கிரும். அந்த இன்னொரு கோலிதான் ஹைட்ரஜன். தண்ணியில இருக்கு, எண்ணெயில இருக்கு, பாயாசத்துல இருக்கு."

"அப்ப நம்ம ஒடம்புலயும் இருக்குதுங்களே?"

அதைத்தான் பிலோமினாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுக்கிய சுவர் மார்பளவுகூட வரவில்லை. அதற்குப் பின்னால் இருபது பேர் உட்கார்ந்தால் அவர்களே அடுத்த சுவர். அவர்களுக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கதிர் குறையும். ஆனால் முதலில் உட்காருபவர்களுக்கு?

பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவள் ஒரு நாற்காலியில் ஏறி நின்றாள்.

"மொதல்ல ஒரு கேள்வி. வெக்கப்பட நேரமில்ல. கர்ப்பமா இருக்கிறவங்க யாராவது இருந்தா நடு எடத்துக்கு வரணும்."

எண்பது கண்களும் ஒரே நேரத்தில் மணப்பெண் பக்கம் திரும்பின. மாப்பிள்ளையை வளர்த்த அத்தை ஆவுடையம்மாளின் புருவம் உச்சிக்குப் போயிற்று.

"என்னைய ஏன் பாக்கறீங்க எல்லாரும்!" என்று பூங்கோதை கத்தினாள். "நானில்ல!"

அப்போது, பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளைபோல, பெண்ணின் அம்மா கோகிலவாணி மெதுவாக ஒரு கையை உயர்த்தினாள்.

"மூணு மாசமுங்க," என்றாள் தரையைப் பார்த்து. "சொன்னா போன கப்பல்லயே பூமிக்கு ஏத்தி உட்டுருப்பீங்க. புள்ள கண்ணாலத்தப் பாக்க முடியாதுன்னு சொல்லலீங்க."

குழந்தைசாமியின் தலைப்பாகை அவிழ்ந்து, நிலவுக்கே உரிய நிதானத்தோடு, தோள்வழியே இறங்கித் தரையைச் சேர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எனக்குமா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பூங்கோதை முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு மாலையோடு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அம்மா, என் கண்ணாலத்தன்னைக்கு என்னைய அக்காவாக்கிட்டியே!" அந்தச் சிரிப்பு ஒட்டுவாரொட்டியாக அறையெங்கும் பரவியது. நாற்பத்து நான்கு வயதுக் கோகிலவாணியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் தண்ணீர்ப் பைகளைக் கோட்டைபோல அடுக்கினார்கள்.

"அடுத்தது," என்றாள் பிலோமினா. குரலில் இருந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "சாம்பார்ப் பக்கம் யாரு உக்காருறதுன்னு பாக்கணும். அங்க மத்த எடத்தவிட அஞ்சாறு மடங்கு கூட விழும். இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆவாது. ஆனா செல்லுக்குள்ள சின்னச் சின்னதா முறியும். முக்காலே மூணு வீசம் உடம்பே ஒட்ட வச்சிக்கிடும். ஒட்டாம விட்டுப்போறது என்னைக்காவது புத்துநோயா வரலாம். அப்படி வரதுக்கும் இருபது வருஷம், முப்பது வருஷம் ஆகும். அதனால வயசுல மூத்தவங்கதான் அங்க உக்காரணும். கேக்குறதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கு."

"இதுல என்னட்டி கஷ்டம்?" என்று ஆவுடையம்மாள் எழுந்தாள். அம்பாசமுத்திரத்துக்காரி, தறியில் வெள்ளையாகச் சுற்றிய நூல்கண்டு போலக் கொண்டை. "இருபது வருசம் கழிச்சு வாறது வந்துட்டுப் போட்டும். எம்பத்தொரு வயசுல எனக்கு எது வந்தா என்ன?"

பிலோமினா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். "எம்பத்தொண்ணா? அத்த, பதிவுல உங்களுக்கு அம்பத்திரண்டுல்லா?"

ஆவுடையம்மாள் பாதி வழியில் நின்றாள். நிலவுக்கு வர வயது வரம்பு ஐம்பத்தைந்து. அதற்கு மேலே ஒரு நாள் கூடினாலும் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். இசக்கிராஜ் மாலையைப் பிடித்தபடி எழுந்து, "அத்தே, சும்மா இரிங்க" என்று பல்லைக் கடித்தான்.

"என்னலே சும்மா இருக்க? அறுவத்தொண்ணு முடிஞ்சி போச்சி எனக்கு," என்றாள் அத்தை, அறை முழுவதற்கும் கேட்க. "பொறந்த தேதிய மாத்தித்தாம் வந்தேன். அங்க மூணு படி ஏற முடியாது, மூட்டு கழண்டு கையில வரும். இங்க குதிச்சுக் குதிச்சுப் போறேன். இவனும் இங்க இருக்கான். திருப்பி அனுப்புனா அனுப்பிக்கிடுங்க. இப்ப எனக்கு அந்த ரசத்துக்குப் பக்கத்துல ஒரு பாயப் போடு."

பிறகு மதார் பாய் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு அம்பத்தெட்டு."

"பாய்! அம்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு!"

"எழுதுனது நான் இல்லம்மா, என் மச்சான். சாம்பார் என்னுது. அதுக்குப் பக்கத்துல வேற யாரு உக்காருவா?"

அதன்பின் அணை உடைந்தது. பற்றவைப்பு வேலை செய்யும் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். ஒருவருக்கு ஐம்பத்தொன்பது, மற்றவருக்கு ஐம்பத்தேழு. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் அம்மையார் அறுபத்து மூன்று என்றதும் கைதட்டலே விழுந்தது. பெண் வீட்டுப் பக்கம் இரண்டே பேர், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மூன்று பேரா என்று குழந்தைசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கும் அறுவதுங்க!" என்றார். "பொய் சொல்லாதீங்க, நாப்பத்தொம்பதுதான்," என்று தண்ணீர்க் கோட்டைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. இருந்தாலும் உண்மையான ஐந்து பேருக்கு அடுத்த வரிசையில் அவரையும் நாற்பதைத் தாண்டிய மற்றவர்களையும் உட்காரவைத்தார்கள். பிலோமினா மீட்டரோடு கதவோரம் உட்கார்ந்தாள்.

முகூர்த்தம் சொன்ன நேரத்துக்கே நடந்தது. ஹோமம் கிடையாது, அந்த அறையில் நெருப்பு மூட்டினால் எல்லோருடைய மூச்சும் செலவாகும். ஆரஞ்சு நிறப் பேட்டரி விளக்கொன்றை நடுவில் வைத்தார்கள். இசக்கிராஜ் தாலியைக் கையில் எடுக்கவும் முதல் புரோட்டான்கள் நிலவில் வந்து விழவும் சரியாக இருந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குழந்தைசாமி கத்தினார். நாற்பத்தொரு பேர் சட்டையிலும் இருந்த பேட்ஜுகள் ஒரே நேரத்தில் கீகீகீ என்று அலறின. ஆவுடையம்மாள் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். பேட்ஜின் சத்தம் அதில் அமுங்கிப் போயிற்று.

பிற்பகலில் பசி வந்தது. சுவரைத் தின்னக்கூடாது என்று பிலோமினா உத்தரவு போட்டிருந்தாள். பாயாச வாசனை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் மதார் பாய்தான் கேட்டார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். நான் இந்தச் சாம்பார் பக்கத்துலயே உக்காந்து சாம்பாரக் குடிச்சா, அது எங்க போகும்? அண்டாவுல இருந்து என் வயித்துக்குத்தான வரும்? செவுரு அதே எடத்துலதான இருக்கு?"

எவ்வளவு யோசித்தும் பிலோமினாவால் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. "வெளிவரிசை மட்டும் சாப்பிடலாம்," என்றாள். "ஆனா நகரக்கூடாது."

வெளிவரிசை ஐவரும் இலை போட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்ற முப்பத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் ஒவ்வொரு வாய்க்கும், "இதோ, உங்களுக்காகத்தான் முழுங்குதேன்" என்று சொல்லிச் சொல்லிப் பாயாசம் குடித்தாள். சிரித்துச் சிரித்துப் பலருக்கு விலா வலித்தது. பிலோமினாவும் சிரித்தாள். ஆனால் மணிக்கொரு தரம் ஐந்து பேட்ஜுகளின் எண்ணை வாங்கி எழுதும்போது அவள் காலித் தொட்டியையே திரும்பத் திரும்பப் பார்த்ததை மதார் பாய் கவனித்தார்.

"தொட்டியக் காலி பண்ணச் சொன்னது நீதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கியாக்கும்?"

"நான்தான பாய்."

"கசிஞ்ச தொட்டியக் காலி பண்ணாம என்ன பண்ணுவ? மோர் குடி."

"அது சுவர், பாய்."

"அட, எனக்காக ஒரு வாய்." அவள் அவர் பக்கத்திலேயே நகராமல் உட்கார்ந்து குடித்தாள்.

புயல் ஓய்ந்ததும் கணக்கெடுத்தாள். கோகிலவாணிக்கு விழுந்த கதிர் நான்கு மில்லிசீவெர்ட்; குழந்தைக்குக் கவலைப்படும் அளவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களுக்கு இருபதை ஒட்டி. வெளிவரிசைக்கு நூற்றுப் பத்து. அறிக்கையில் வயது எழுதும் கட்டம் வந்தபோது பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள். பொய்யான வயதைப் போட்டால் அது அந்த ஐவரும் வாங்கிக்கொண்டதன் கணக்கையே பொய்யாக்கிவிடும். உண்மையைப் போட்டால் ஐவரும் ஊருக்குப் போக வேண்டும். ஐந்து பேரிடமும் போய்க் கேட்டாள். ஐவரும் உண்மையையே எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கூடவே, வயது வரம்பை நீக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் மன்றாடியும் எழுதினாள்.

மூன்றாவது வாரம் பூமியிலிருந்து பதில் வந்தது. குளிர்குழியை நடத்தும் கம்பெனி மனமாரப் பாராட்டியிருந்தது. வயது வரம்பு நீக்கப்பட்டது. பிலோமினா அந்த வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, கூரையில் தலை இடித்து, தலையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த பத்தியைப் படித்தாள்.

இனி ஒவ்வொரு நிலவுக் குடியிருப்பிலும் 'வெளிவரிசைப் பணியாளர்' என்று பன்னிரண்டு பேர் அமர்த்தப்படுவார்கள். வயது அறுபதுக்கு மேல். எடை எண்பது கிலோவுக்குக் குறையக்கூடாது. புயலின்போது சுவரை ஒட்டி அமர்வது அவர்கள் கடமை. பன்னிருவரும் பணியில் சேர்ந்ததும் தண்ணீர்ச் சுவரின் தடிமனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தை ஆவுடையம்மாளிடம் காட்டினாள். அத்தை இரண்டு முறை படித்தாள்.

"நான் அங்கன போய் உக்காந்தது எம் மருமவனுக்காவ," என்றாள். குரலில் அன்றைய விளையாட்டு எதுவும் இல்லை. "செவுரக் கொறைக்கதுக்கா? ஆள வச்சு செவுரு கட்டுவானாமா?"

பிலோமினா மூன்று முறை மறுத்து எழுதினாள். மூன்று முறையும், 'பணியாளர்கள் விருப்பத்தின்பேரில் கையெழுத்திட்டுள்ளனர்' என்று ஒரே வரி வந்தது. நான்காவது முறை எழுதுவதற்குப் பதிலாக ஒப்பந்தத்தின் படியை வரவழைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தாள். ஆட்களைத் தமிழ்நாட்டில் எடுத்ததால் ஒப்பந்தம் தமிழில் இருந்தது. தமிழ்ப் படியே இறுதியானது என்று ஒரு வரி இருந்தது. பணியிடத்தில் பாதுகாப்பு அலுவலர் நேரில் சோதித்து, தகுதி இல்லாதவர்களுக்கு வேறு பணி தர வேண்டும் என்று இன்னொரு வரி இருந்தது. அவள் மதார் பாயிடம் போய், மூட்டை நிறுக்கும் பெரிய வில்தராசைக் கடன் கேட்டாள்.

கப்பல் வந்தது. கோகிலவாணியும் குழந்தைசாமியும் ஊருக்குப் புறப்படப் பெட்டிகளோடு நின்றார்கள். பூங்கோதை அம்மாவின் வயிற்றில் காதை வைத்து, "வந்ததும் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் பன்னிரண்டு பெரியவர்கள் பன்னிரண்டு பலூன்கள் போலத் துள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆள் கரூரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நல்லதம்பி. ஆறடி உயரம், மலைபோல உடம்பு. முழங்காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, "வலியில்ல! வலியே இல்லைங்க!" என்று எல்லோரிடமும் சொன்னார்.

"வாங்கய்யா. இதுல ஏறி நில்லுங்க."

தொங்கிய பலகையில் அவர் ஏறினார். முள் அசைந்து நின்றது. பிலோமினா உரக்கப் படித்தாள். "எடை, பதினஞ்சு கிலோ முந்நூறு."

"என்னம்மா சொல்றீங்க? ஊருல தொண்ணூத்திரண்டு!"

"அது ஊர்ல. ஆறாங்கிளாசுல சொல்லிக் கொடுத்திருப்பாங்களே அய்யா. நிறை எங்க போனாலும் மாறாது, எடை எடத்துக்கு எடம் மாறும். ஒப்பந்தத்துல நிறைன்னு எழுதல, எடைன்னு எழுதியிருக்காங்க. எம்பது வேணும். உங்களுக்குப் பதினஞ்சுதான் இருக்கு." படிவத்தில் 'தகுதி இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினாள். "வெளிவரிசையில நீங்க உக்கார முடியாது. பன்னிரண்டு பேரு சேராதவரைக்கும் சுவரையும் கொறைக்க முடியாது. புயல் வந்தா எல்லாரையும்போல முழுத் தண்ணிக்குப் பின்னாலதான்."

நல்லதம்பியின் முகம் வாடியது. "அப்ப என்னைய ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

"எதுக்கு? வேறு பணின்னு போட்டிருக்குல்ல? தக்காளித் தோட்டத்துல ஆளில்ல. வருவீங்களா?"

அவர் அந்த முள்ளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்து, பையிலிருந்து போனை எடுத்து பிலோமினாவிடம் நீட்டினார். "அம்மா, அந்தப் பதினஞ்சு நல்லாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. முப்பது வருசமா உடம்பக் கொறைங்க, உடம்பக் கொறைங்கன்னு என் சம்சாரம் உசுர எடுத்தா."

அவருக்குப் பின்னால் மற்ற பதினொரு பேரும், தங்கள் முறை எப்போது வரும் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, தகுதி இழப்பதற்காக வரிசையில் நின்றார்கள்.